வாணியம்பாடிக்கும் குப்பத்துக்கும் நடுவே ஒரு விண்மீன்

நேயர்களுக்கு வணக்கம். வாணியம்பாடியில் ஒருவர், ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் குப்பத்தில் இன்னொருவர். இருவருக்கும் வானம் பார்க்கும் பழக்கம். இவர்கள் கடிதத்திலோ வாட்ஸ்அப்பிலோ எழுதிக்கொள்வது வெறும் நலம் விசாரிப்பாக நின்றுவிடாமல், பயனுள்ள பதிவாகவும் சேர வேண்டும் என்றால் அதில் என்ன இருக்க வேண்டும்? அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். தொலைநோக்கி தேவையில்லை. கண்ணும் ஒரு நோட்டும் போதும்.

தொடங்குவதற்கு நல்ல விண்மீன், கழுகு மண்டலத்தின் ஈட்டா. இது ஒளி கூடிக் குறையும் மாறொளி மீன், அதிலும் செஃபீடு என்ற வகை. இந்த வகைக்கே பெயர் தந்த டெல்ட்டா செஃபி வெகு வடக்கே இருப்பதால், நம் ஊரிலிருந்து 45 டிகிரி உயரம்கூட ஏறாது. ஈட்டா ஏறத்தாழ உச்சிக்கே வரும். ஆடி முதல் ஐப்பசி வரை முன்னிரவில் பார்க்கலாம். திருவோணத்தின் மூன்று மீன்களைப் பலருக்கும் தெரியும். நடுவில் பளிச்சென்று இருப்பதிலிருந்து தெற்கே சுமார் 8 டிகிரி இறங்குங்கள். அங்கே கழுகு மண்டலத்தின் டெல்ட்டா, தீட்டா என்ற இரு மீன்களை ஒரு கோட்டால் இணைத்தால், கோட்டின் நடுவில் நிற்பது ஈட்டா.

இதன் மாற்றத்தை 1784 செப்டம்பர் 10 அன்று இங்கிலாந்தின் யார்க் நகரில் எட்வர்ட் பிகட் கண்டார். அவருடைய நண்பரும் அண்டை வீட்டாருமான ஜான் குட்ரிக் காது கேளாதவர். டெல்ட்டா செஃபியின் மாற்றத்தை அதே ஆண்டு கண்டவர் அவர்தான். இந்தத் துறையே இரண்டு நண்பர்களின் பகிர்வில் வளர்ந்தது என்று சொன்னால் மிகையில்லை.

சரி, அளப்பது எப்படி? மீனின் பிரகாசத்தைச் சொல்லும் எண் ஒளித்தரம்; எண் கூடினால் ஒளி குறைவு. ஈட்டா 3.5-க்கும் 4.4-க்கும் இடையே ஏறி இறங்கும். திருவோண மூன்றில் மங்கலான தெற்கு மீன் பீட்டா, அதன் ஒளித்தரம் 3.7. அதே மண்டலத்தின் இன்னொரு மீன் அயோட்டா, அதன் ஒளித்தரம் 4.4. இந்த இரண்டுக்கும் நடுவே ஈட்டா எங்கே நிற்கிறது என்று பங்கிடுங்கள். பீட்டாவிலிருந்து 3 பங்கும் அயோட்டாவிலிருந்து 4 பங்கும் தள்ளி என்று தோன்றினால், கணக்கு 4.0. ஈட்டா பீட்டாவைவிடப் பிரகாசமாக இருக்கும் இரவில் 3.4 ஒளித்தரமுள்ள டெல்ட்டாவை மேல் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிழை நுழையும் வழிகள் பல. வீட்டு விளக்கிலிருந்து வெளியே வந்ததும் பார்த்தால் கண் பழகியிராது, 20 நிமிடமாவது இருட்டில் இருக்க வேண்டும். செல்போன் திரையை ஒரு முறை பார்த்தால் அந்த 20 நிமிடமும் வீண். 30 டிகிரிக்குக் கீழே இறங்கிய மீனை உயரத்தில் உள்ள மீனோடு ஒப்பிட்டால், தாழ்ந்தது காற்றடுக்கினால் மங்கித் தெரியும். இரண்டு மீன்களை ஒப்பிடும்போது, அவற்றை இணைக்கும் கோட்டுக்கு இணையாக இரு கண்களும் இருக்கும்படி தலையைச் சாய்த்துக்கொள்ளுங்கள். மேலும் கீழுமாக நிற்கும் மீன்களை ஒப்பிடுவதில் கண் ஏமாறும்.

இனி கடிதத்துக்கு வருவோம். 4.0 என்ற முடிவை மட்டும் எழுதாதீர்கள். "பீட்டா 3, அயோட்டா 4" என்ற பங்கீட்டையும் எழுதுங்கள். ஒப்பு மீனின் மதிப்பு நாளை திருத்தப்பட்டாலும் பங்கீடு இருந்தால் கணக்கை மறுபடி போடலாம். நேரத்தை நிமிடத்தோடு குறியுங்கள். வானியலில் நாள்களை ஒரே தொடர் எண்ணாக எண்ணும் முறை ஜூலியன் நாள். அது கிரீன்விச் நண்பகலில், அதாவது நம் மாலை 5.30-க்குப் பிறப்பதால், இரவு முழுவதும் ஒரே எண்தான். 2025 அக்டோபர் 1 இரவு 8.30 என்றால் 2460950.125. நடு இரவில் தேதி மாறுவதால் வரும் குழப்பம் இதில் கிடையாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நான் கருதுவது ஒன்று: நண்பர் பார்த்து முடிக்கும் முன் உங்கள் எண்ணை அவருக்குச் சொல்லாதீர்கள். "இன்று 4.0 தெரிகிறது" என்று செய்தி போய்விட்டால், அவர் கண் 4.0-ஐத்தான் தேடும். அப்புறம் இரண்டு பதிவும் ஒரே பதிவுதான். வாரம் ஒரு நாள் வைத்து, அன்று பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளுங்கள்.

இரண்டு ஊர் எதற்கு? ஈட்டாவின் சுற்று 7 நாள் 4 மணி 14 நிமிடம். சனிக்கிழமை மட்டும் பார்ப்பவருக்கு வாரா வாரம் அது ஏறக்குறைய ஒரே ஒளியில் நிற்கும். முழுச் சுற்றையும் அப்படிப் பார்த்து முடிக்க 40 வாரம் ஆகும், அதற்குள் மீன் சூரியனோடு மறைந்துவிடும். குப்பத்து நண்பர் செவ்வாயும் வியாழனும் எடுத்துக்கொண்டால் இடைவெளி அடைபடும். ஜவ்வாது மலைப் பக்கம் மேகம் மூடிய இரவில் குப்பத்து மேட்டில் வானம் திறந்திருப்பதும் உண்டு.

கடிதத்தால் மட்டும் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ராதா கோபிந்த சந்திராவே சான்று. வங்காளத்தின் ஜெஸ்ஸோரில் கருவூல ஊழியர். மாறொளி மீன் பதிவுகள் 37,000-க்கும் மேல். அவற்றை அமெரிக்க மாறொளி மீன் நோக்கர் சங்கத்துக்கு இடைவிடாமல் அனுப்பினார். 1926-இல் அந்தச் சங்கத்தார் அவருக்கு 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அனுப்பிவைத்தார்கள். பின்னாளில் அது வானியலாளர் வைணு பாப்புவிடம் போய், நமக்குப் பக்கத்தில் உள்ள காவலூர் வான்காணகத்துக்கே வந்து சேர்ந்தது.

இரு ஊரும் சேர்ந்து செய்ய இன்னொரு வேலை, டிசம்பர் 14-ஐ ஒட்டி வரும் ஜெமினிட் எரிமீன்கள். 100 கிலோமீட்டர் உயரத்தில் எரிவது, 30 கிலோமீட்டர் இடைவெளியில் நிற்கும் இருவருக்கும் பின்னணி மீன்களிடையே 15 டிகிரிக்கும் மேல் விலகித் தெரியக்கூடும். நொடி வரை நேரமும் பாதையும் குறித்தால் உயரத்தைக் கணக்கிடலாம்.

ஒரு பருவம் முடிந்ததும் இருவரின் பதிவுகளையும் 7.177 நாளால் மடித்து, அதாவது எல்லாச் சுற்றுகளையும் ஒரே சுற்றின்மேல் வைத்து, ஒரே வரைதாளில் போடுங்கள். ஏற்றம் வேகமாகவும் இறக்கம் மெதுவாகவும் இருக்கும், இறக்கத்தில் ஒரு சின்ன மேடும் தெரியலாம். ஒருவர் எண் எப்போதும் 0.1 அல்லது 0.2 கூடவே இருந்தால் அது கண்ணுக்குக் கண் உள்ள வேறுபாடு. நோட்டில் உள்ளதைத் திருத்தாமல், வரைதாளில் மட்டும் அவருடைய புள்ளிகளை அந்த அளவு நகர்த்திக்கொள்ளுங்கள்.