தூளியில மட்டும் தூங்குற 3 மாசக் குழந்தை: ராத்திரி முழுக்க விடலாமா?

இந்தக் கேள்வியைப் படிச்சதுலேர்ந்து மனசுல ஓடிக்கிட்டே இருக்குங்க. 3 மாசக் குழந்தையோட அம்மா ஒருத்தங்க கேட்டிருக்காங்க: "தூளியில போட்டா ரெண்டு மணி நேரம் தூங்குறான். பாயில கிடத்துனா 10 நிமிஷத்துல எந்திரிச்சு அழறான். ராத்திரி முழுக்கத் தூளியிலயே விட்டுடலாமா? மல்லாக்கப் போட்டா பால் கக்கி அடைச்சுக்கும்னு அத்தையும் பயப்படுறாங்க."

விட வேண்டாம்மா. பகல்ல ஒரு ஆள் பக்கத்துலயே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துக்கிட்டே ஆட்டித் தூங்க வைங்க, நல்லா அசந்து தூங்குனதும் எடுத்துடுங்க. விடிய விடிய தூளி கூடாது. ஏன்னா சேலை வளைஞ்சு தொங்குது, குழந்தையும் அதுக்குள்ள வளைஞ்சுதான் கிடக்கும். இந்த வயசுல தலை கனம், கழுத்துல பலம் இல்ல. தலை முன்னால சாஞ்சு நாடி நெஞ்சுல முட்டுனா, மூச்சுக்குழாய் பப்பாளித் தண்டை மடக்குன மாதிரி ஒடுங்கிடும். அப்ப குழந்தை அழாது, சத்தமே வராது. இன்னொண்ணு, ஒருக்களிச்சுட்டா மூக்கு நேரா துணியில போய்ப் பதியும். தூளிக்குக் குறுக்குக் கட்டை போட்டா துணி கொஞ்சம் விரியும், அவ்வளவுதான், வளைவு போகாது. தூக்கத்துல திடீர்னு மூச்சு நிக்கிற சாவு அதிகமா நடக்குறது 2லேர்ந்து 4 மாசத்துக்குள்ள. உங்க பையன் இப்ப அந்த வயசுல இருக்கான்.

அதனாலதான் ஒவ்வொரு தடவையும் சொல்றேன்: மல்லாக்க, தட்டையா, தனி விரிப்புல. நான் எழுதுறதை வழக்கமா படிக்கிறவங்களுக்கு மனப்பாடமே ஆகியிருக்கும், பரவாயில்ல.

இப்ப அத்தையோட பயம். அந்தப் பயம் நியாயமானதுதான், ஆனா உடம்போட அமைப்பு வேற மாதிரி இருக்கு. மல்லாக்கப் படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேல இருக்கும், உணவுக்குழாய் கீழ இருக்கும். கக்குன பால் தாழ்வான பக்கம்தானே போகும்? திரும்ப உணவுக்குழாய்க்கே போயிடும். குப்புறப் போட்டா இது தலைகீழ். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 1992ல குப்புறப் போடாதீங்கன்னு சொன்னாங்க, 1994ல நாடு முழுக்கப் பிரசாரமே நடந்துச்சு. அடுத்த பத்து வருஷத்துல இந்தத் திடீர்ச் சாவு ஏறக்குறைய பாதியாச்சு. மூச்சடைச்சுச் சாகிறது கூடல. அத்தைகிட்ட இதைச் சொல்லுங்க. பால் குடிச்சதும் தோள்ல போட்டு ஏப்பம் விட வெச்சுட்டுக் கிடத்துங்க, போதும்.

சரி, பாயில போட்டா ஏன் முழிக்கிறான்? கிடத்தும்போது தலை முதல்ல சட்டுனு இறங்குது. விழற மாதிரி ஒரு உணர்வு வந்து, ரெண்டு கையையும் விரிச்சுத் தூக்கிவாரிப் போடும். "பயந்துக்குறான்"னு சொல்வாங்களே, அதான். 4, 5 மாசத்துல தானா குறையும். அதுவரைக்கும் இப்படிச் செய்ங்க. கண் மூடுன உடனே எடுக்காதீங்க. 15, 20 நிமிஷம் கழிச்சுக் கையை லேசா தூக்கி விட்டுப் பாருங்க, தொப்புனு விழுந்தா ஆழ்ந்த தூக்கம். அப்புறம் உங்க நெஞ்சோட அணைச்சபடியே குனிஞ்சு, முதல்ல கால், அப்புறம் பிட்டம், முதுகு, கடைசியாத் தலை. உடனே கையை எடுத்துடாதீங்க, நெஞ்சு மேல ரெண்டு நிமிஷம் வெச்சிருங்க. முதல்ல பகல் தூக்கம் ஒண்ணை மட்டும் பாய்க்கு மாத்துங்க, அது பழகுனதும் ராத்திரி.

விரிப்பு அழுத்துனா குழியக் கூடாது. பாய் மேல ஒரு துணியைச் சுருக்கமில்லாம இழுத்துச் செருகுனா போதும். கடுகுத் தலையணை, பக்கத்துல வைக்கிற உருளை, கொசுவலை மெத்தையோட வர்ற குட்டித் தலையணை எல்லாத்தையும் எடுத்துடுங்க. வலை இருக்கட்டும். நம்ம ஊர் வெயிலுக்குக் குல்லா, ஸ்வெட்டர் வேண்டாம். பிடரியைத் தொட்டுப் பாருங்க, வேர்த்திருந்தா துணி அதிகம். தூக்கத்துக்குன்னு வசம்பு, சளி மருந்து எதுவும் கொடுக்காதீங்க. இந்த வயசுல ராத்திரி ரெண்டு மூணு தடவை பாலுக்கு எந்திரிக்கிறது இயல்பு.

அந்த அம்மா கேட்காம விட்ட ஒண்ணு இருக்கு, எனக்கு அதுதான் பெரிய கவலை. ராத்திரி 2 மணிக்கு எங்க உட்கார்ந்து பால் கொடுக்குறீங்க? அசதியில கண் சொருகும், எந்தத் தாய்க்கும் சொருகும். சோபாவுல உட்கார்ந்திருந்தா குழந்தை உங்களுக்கும் திண்டுக்கும் நடுவுல நழுவி மூக்கு அமுங்கிடும். கட்டிலை விடவும் ஆபத்தான இடம் சோபாதான். அதனால தூக்கம் வரும்னு தெரிஞ்சா சோபா வேண்டாம். தரையில, தலையணை போர்வை எல்லாம் தள்ளி வெச்சுட்டு, கெட்டியான விரிப்புல உட்கார்ந்து கொடுங்க. கண் அசந்துட்டா, முழிச்ச உடனே அவனைப் பக்கத்துல இருக்குற அவனோட பாய்க்கு மாத்திடுங்க. நீங்க பால் கொடுக்க ஆரம்பிச்சதுலேர்ந்து 20 நிமிஷத்துக்கு அலாரம் வெச்சு வீட்டுக்காரரை எழும்பச் சொல்லுங்க. ஏப்பம் விட வெச்சுக் கிடத்துற வேலையை அவர் பார்க்கட்டும், நீங்க படுங்க.