மேடத்தின் ராத்திரி விருந்து

நேயர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பக்கம், சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன்.

எங்கள் வகுப்பில் தில்லையாடி வள்ளியம்மை கதை வருடாவருடம் உண்டு. 1913-ல் சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து, மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து, அடுத்த பிப்ரவரியில் 16 வயதில் இறந்துபோன நம் ஜோஹானஸ்பர்க் பெண். பிள்ளைகள் கண்கலங்கிக் கேட்பார்கள். ஆனால் அந்தக் கதையில் அடிபட்டவர்கள் நாம். அதை மட்டும் சொல்லி வளர்ப்பது போதாது என்று எனக்குப் பட்டது.

அதனால் பெவர்லி நாயுடுவின் 'ஜர்னி டு ஜோபர்க்' புத்தகத்தை எடுத்துத் தமிழில் சொன்னேன். 1985-ல் வந்தது. சின்னப் பிள்ளைகள் படிக்கும் புத்தகம். அதற்கும் 1991 வரை இங்கே தடை! கைக்குழந்தைத் தங்கைக்கு உடம்பு முடியவில்லை. கறுப்பினப் பிள்ளைகளான 13 வயது நலேடியும் 9 வயதுத் தம்பி டிரோவும், 300 கிலோமீட்டர் தள்ளி ஜோஹானஸ்பர்க்கில் வெள்ளைக்காரர் வீட்டில் வேலை செய்யும் அம்மாவைத் தேடிக் கிளம்புகிறார்கள். கண்டுபிடித்தும் விடுகிறார்கள். ஊருக்குப் போகணும் என்று அம்மா கேட்கிறாள். ராத்திரி விருந்து இருக்கிறது, நாளைக்குப் போ என்கிறாள் மேடம்.

அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன்.

"குழந்தைக்கு ஏதாவது ஆயிட்டா, டீச்சர்?" என்றான் ஒருவன். அம்மா ஏன் பிள்ளைகளைக் கூடவே வைத்துக்கொள்ளவில்லை என்றான் இன்னொருவன். சரி, கறுப்பினத்தவர் அனுமதிச் சீட்டு இல்லாமல் நகரத்தில் தங்கக் கூடாது என்றிருந்த பாஸ் சட்டத்தை இனிச் சொல்லலாம். இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் குடியிருக்கலாம் என்று 1950-ல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால், டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் இருந்த வீட்டை விட்டு இங்கே வந்த இந்தப் பிள்ளைகளின் பாட்டிமார் கதையையும் சொல்லலாம். சட்டத்தில் ஆரம்பித்திருந்தால் யார் காதிலும் ஏறியிருக்காது.

அப்புறம் பின்வரிசையில் ஒரு பெண், "எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற ஆன்ட்டி பிள்ளைங்களும் ஈஸ்டர்ன் கேப்லதான் இருக்காங்க" என்றாள். அது வேறு மாகாணம். வகுப்பில் சத்தமே இல்லை. எனக்கும் உடனே பேச்சு வரவில்லை. என் வீட்டுக்கும் ஒரு அம்மா வேலைக்கு வருகிறார். அவர் பிள்ளைகளைப் பற்றி நான் ஒருநாளும் விசாரித்ததில்லை.

பிஞ்சு மனதில் இதெல்லாம் எதற்கு என்று சில பெற்றோர் வருத்தப்பட்டார்கள். பிஞ்சு மனதுக்குத்தான் இது தானாகத் தெரிகிறது என்பேன்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பெண் ஒரு தாள் கொண்டுவந்தாள். ஆன்ட்டியிடமே கேட்டு, மூன்று பிள்ளைகளின் பெயரையும் தமிழில் எழுதியிருந்தாள். ஒரு பெயரில் நாக்கைச் சொடுக்கிச் சொல்லும், அவர்களுடைய கோசா மொழியின் ஒலி வருகிறது. அதற்கு நம்மிடம் எழுத்து இல்லாததால், அந்த இடத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரம் போட்டிருந்தாள்.