பத்தாம் கிளாஸ் சயின்ஸ் புக்ல காணாம போன பக்கங்கள்

வணக்கம் மக்களே! நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். என் கையில இருக்கிற ரெண்டுமே என்சிஇஆர்டி, அதாவது சிபிஎஸ்இ பிள்ளைங்களுக்குப் பாடநூல் போடுற மத்திய அரசு அமைப்போட பத்தாம் கிளாஸ் சயின்ஸ் புக்தான். இது பழசு, 16 பாடம். இது 2023-24 மறுபதிப்பு, 13 பாடம். தனிம வரிசை அட்டவணை, ஆற்றல் மூலங்கள், இயற்கை வள மேலாண்மை, இந்த மூணு பாடமும் முழுசா அவுட்.

நாலாவது வெட்டு கண்ணுக்கே தெரியாது. "மரபும் பரிணாமமும்"னு இருந்த பாடம் இப்போ வெறும் "மரபு". பழைய புக்ல ஒரு அருமையான உதாரணம் உண்டு. பச்சைப் புதர்ல 12 சிவப்பு வண்டுகள். அதோட வாரிசுல ஒண்ணு பச்சையா பிறக்குது. காக்கா கண்ணுக்கு சிவப்பு மாட்டும், பச்சை மாட்டாது. அதனால பச்சை பெருகுது. அடுத்து, ஒரு நீல வண்டு. நீலமும் காக்கா கண்ணுல படும்தான். ஆனா ஒரு யானை வந்து புதரை மிதிக்க, தற்செயலா தப்பிச்சதுல பாதிக்கு மேல நீலம். தகுதியால பெருகுறது வேற, அதிர்ஷ்டத்தால பெருகுறது வேறன்னு பதினஞ்சு வயசுப் பிள்ளைக்கு ரெண்டே பத்தியில புரிய வச்சுட்டாங்க. அது போச்சு. மரபு விதிகளைக் கண்டுபிடிச்ச மெண்டலோட பட்டாணிச் செடி மட்டும் மிச்சம். பண்பு எப்படிக் கடத்தப்படுதுன்னு பிள்ளை படிக்கும், அதனால என்ன ஆகுதுன்னு படிக்காது.

காரணம் என்ன சொன்னாங்க? கொரோனாவுக்கு அப்புறம் பாடச்சுமை குறைப்பு. மேல் வகுப்புல வர்ற பாடம் இங்க எதுக்குன்னும் ஒரு விதி இருக்கு. பரிணாமம் பன்னிரண்டாம் கிளாஸ் பயாலஜில இருக்கிறது வாஸ்தவம்தான். ஆனா காமர்ஸ் எடுக்கிற பிள்ளை பயாலஜி புக்கைத் தொடவே தொடாதே! அதுக்குப் பத்தாவதுதான் கடைசி பஸ். 2023-ல 1800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டு எதிர்ப்பு தெரிவிச்சதும் இதுக்குத்தான்.

வரலாறு, அரசியல் புக்லயும் வெட்டு உண்டு. பன்னிரண்டாம் கிளாஸ்ல முகலாய அரசவை பத்தின பாடம் போச்சு, குஜராத் கலவரம் பத்தின பக்கங்களும் போச்சு. இதையும் சுமைக் கணக்குல சேர்த்தா நான் நம்ப மாட்டேன். கேரளா அதே 2023-ல நீக்கின பகுதிகளுக்குத் துணைப் பாடநூலே போட்டுடுச்சு.

சரி, உங்க வீட்டுல சிபிஎஸ்இ பிள்ளை இருந்தா என்ன செய்யலாம்? தமிழ்நாடு அரசோட பத்தாம் வகுப்பு அறிவியல் புக்கை இறக்கிக்கோங்க, இலவசம்தான். தமிழ், இங்கிலீஷ் ரெண்டுலயும் கிடைக்கும். 8-வது அலகு தனிமங்களின் ஆவர்த்தன வகைப்பாடு (அதே தனிம வரிசை அட்டவணைதான்), 19-வது அலகு உயிரின் தோற்றமும் பரிணாமமும். நம்ம விழுப்புரம் பக்கம் திருவக்கரை கல்மரம் (கல்லாவே மாறிப்போன பழங்கால மரம்) கூட அதுல வருது. என்சிஇஆர்டில மரபு பாடம் முடிஞ்ச கையோட 19-ஐப் படிக்க வைங்க. கார்பன் பாடத்துக்கு முன்னாடியே 8-ஐ முடிச்சுட்டா இணைதிறன், அதாவது ஒரு அணு எத்தனை பிணைப்பு போடும்ங்கிறது, சுலபமாப் புரியும்.

பழைய புக்கை செகண்ட் ஹேண்ட்ல வாங்குறவங்க மட்டும் உஷாரா இருங்க, பாட எண் மாறியிருக்கு. மரபு பழசுல 9, புதுசுல 8. டீச்சர் "ஒன்பதாவது பாடம் படிச்சுட்டு வா"ன்னு சொன்னா அது ஒளி. டெஸ்ட்டுக்கு முந்தின நாள் ராத்திரி இதைக் கண்டுபிடிச்சா வீடு ரெண்டாயிடும்.