ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

நேயர்களுக்கு வணக்கம்.

கண்ணாடி கிழித்து மணிக்கட்டு நரம்பு அறுந்தவர்கள் தையல் போட்ட மறுவாரம் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "நரம்பை ஒட்டித் தைத்தாயிற்றே டாக்டர், விரல் ஏன் இன்னும் மரத்தே கிடக்கிறது?" நியாயமான கேள்வி. அறுந்த ஒயரை முறுக்கிவிட்டால் பல்பு எரிகிறதே!

நரம்பு ஒயர் இல்லை. விரல் நுனிவரை ஓடும் ஒவ்வொரு இழையும், முதுகெலும்புப் பக்கம் இருக்கும் ஒரு செல்லின் நீண்ட வால். வெட்டு விழுந்தால், அதற்கு அப்பாலுள்ள இழை சில நாட்களில் துண்டு துண்டாகச் சிதைந்துவிடும், அதன்மேல் ஒரு கீறல்கூட விழாவிட்டாலும். 1850இல் இதைச் சொன்னவர் அகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கிலேய மருத்துவர். தவளையின் நாக்குக்குப் போகும் நரம்புகளை வெட்டிப் பார்த்தார். நாக்கு மெல்லியது, வெளிச்சம் ஊடுருவும், மைக்ராஸ்கோப்புக்கு வசதி.

இழை செத்தாலும் அதைச் சுற்றியிருந்த ஷ்வான் செல்கள் சாவதில்லை. குப்பையை அள்ளுகின்றன, பெரிய துப்புரவு வேலைக்கு ரத்தத்திலிருந்து வேறு செல்கள் வந்து சேர்கின்றன. அப்புறம் ஷ்வான் செல்கள், இழையை மூடியிருந்த பழைய குழாய்க்குள்ளேயே வரிசையாக நின்றுகொள்கின்றன. வெட்டுக்கு மேலே உயிரோடிருக்கும் இழை புது முளை விட்டு, அந்த வரிசையைத் தடவிக்கொண்டே இறங்குகிறது. வேகம் ஏறக்குறைய நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி 18 சென்டிமீட்டர் என்றால், ஆறு மாதம். தையல் போட்டது குழாயைத்தான். இழை தானாக வளர்ந்தாக வேண்டும்.

இதைத் தன் கையிலேயே சோதித்த ஒருவர் உண்டு. லண்டன் நரம்பியல் மருத்துவர் ஹென்றி ஹெட். நோயாளிகள் சொல்லும் விவரம் போதவில்லை என்று, 1903 ஏப்ரலில் தன் இடது கையில் தோலுணர்ச்சி நரம்பை வெட்டித் தைக்கச் சொன்னார்! பிறகு பல ஆண்டுகள் கேம்பிரிட்ஜ் போய்க் கண்ணை மூடி உட்காருவார். நண்பர் ரிவர்ஸ் ஊசி, பஞ்சு, சூடு, குளிர் என்று வைத்துப் பார்ப்பார். முதலில் திரும்பியது வலிதான். அதுவும் குத்திய இடம் சரியாகத் தெரியாமல், பரவலாகச் சுரீரென்று. பஞ்சு படுவது தெரிய வெகுகாலம் ஆயிற்று. இதை வைத்து அவர்கள் கட்டிய கோட்பாடு நிற்கவில்லை. குறிப்புகளை நான் இன்றும் மதிக்கிறேன்.

முதுகெலும்புக்குள் இருக்கும் நரம்புத் தண்டில் மட்டும் ஏன் இழைகள் இப்படி வளர்வதில்லை? குற்றம் பெரிதும் சுற்றுப்புறத்தில் இருக்கிறது. 1981இல் மாண்ட்ரீலில் டேவிட், அகுவாயோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலியின் கால் நரம்புத் துண்டொன்றைத் தண்டுக்குப் பாலமாக வைத்தார்கள். வளராது என்றிருந்த இழைகள் அதற்குள் சுமார் மூன்று சென்டிமீட்டர் ஓடின. பாலம் முடிந்து மறுபடி தண்டுக்குள் நுழைந்ததும் கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டன.

சரி, கைக்கு வருவோம். நரம்பு போகும் வழியில் விரலால் தட்டுவேன். முளை எட்டியிருக்கும் இடத்தில் தட்டும்போது, விரல் பக்கம் கரண்ட் அடித்த மாதிரி இருக்கும். பயந்து கையை இழுத்துக்கொள்வார்கள். அந்த இடத்தில் பேனாவால் புள்ளி வைத்து, தழும்பிலிருந்து தூரத்தை அளந்து எழுதிக்கொண்டு, அடுத்த மாதம் வரச் சொல்லி அனுப்புவேன். அந்த ஒரு மாதமும் வெந்நீரை மற்றக் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். திரும்பி வந்து தட்டும்போது, அந்த இடம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே இறங்கியிருக்கும்.