பிரேக் லைட்டும் ஒரு மௌனப்பட நடிகையும்

வணக்கம் நேயர்களே. இன்னிக்கு காலைல பைக்லயோ பஸ்லயோ எங்கயாவது போயிருப்பீங்க, முன்னால போற வண்டி பிரேக் புடிச்சா பின்னாடி சிவப்பா லைட் எரியும், நாமளும் உஷாராயிடுவோம். இண்டிகேட்டர் போடுறாங்களா இல்லையாங்கறது வேற கதை, நம்ம ஊர்ல ஷேர் ஆட்டோக்காரர் காலை வெளிய நீட்டினாலே பெரிய மரியாதை. இந்த சிக்னல் விஷயத்துல ரொம்ப முன்னாடியே மண்டைய ஒடைச்சுக்கிட்டவங்கள்ல ஒருத்தர் சினிமா நடிகைன்னா நம்புவீங்களா? பேரு ஃபுளோரன்ஸ் லாரன்ஸ்.

1886ல கனடாவுல ஹாமில்டன்ல பொறந்தவங்க. அம்மா நாடக நடிகை, அதனால சின்ன வயசுலயே மேடை ஏறியாச்சு. 1908ல பயோகிராஃப் கம்பெனில சேர்றாங்க, டைரக்டர் டி.டபிள்யூ. கிரிஃபித். அங்க நடிகருங்க பேரே வெளிய சொல்ல மாட்டாங்க, பேர் தெரிஞ்சா சம்பளம் ஏத்திக் கேப்பாங்கன்னு பயம். ஜனங்க விடுவாங்களா, 'பயோகிராஃப் பொண்ணு'ன்னு கம்பெனி பேரையே வச்சுட்டாங்க. அந்த சோப்பு விளம்பரத்துல வருமே, அந்தப் பொண்ணுன்னு நாம சொல்ற மாதிரிதான்.

அப்புறம் கார்ல் லெம்லேன்னு ஒருத்தர், பின்னாடி யுனிவர்சல் ஆரம்பிச்சவர், தன்னோட இம்ப் கம்பெனிக்கு கூட்டிட்டுப் போறார். 1910ல ஒரு புரளி, டிராம்ல அடிபட்டு இவங்க செத்துட்டாங்கன்னு. லெம்லே உடனே பத்திரிகைல விளம்பரம் குடுக்கறார், அது பொய்யி, அவங்க எங்க கம்பெனில நல்லாத்தான் இருக்காங்கன்னு பேரோட போட்டு! புரளிய கெளப்பி விட்டதே அவர்தான்னு சொல்றவங்க நெறைய பேர், எனக்கும் அப்படித்தான் தோணுது. செயின்ட் லூயிஸ் ஊருக்கு நேர்லயே கூட்டிட்டுப் போய் காட்டினார், கூட்டம் அள்ளிருச்சு. பேரே இல்லாம இருந்தவங்க, செத்துப் பொழச்சுத்தான் பேர் வாங்கினாங்க.

சரி, கார் விஷயத்துக்கு வரேன், எனக்குப் பிடிச்சதே இதுதான். கார் ஓட்டுறதுல இவங்களுக்கு அப்படி ஒரு பைத்தியம். 1914 வாக்குல ஒரு ஏற்பாடு பண்ணாங்க, பட்டன அமுக்கினா வண்டிக்குப் பின்னாடி ஒரு கை மாதிரி தூக்கி எந்தப் பக்கம் திரும்பப் போறோம்னு காட்டும். பிரேக்க மிதிச்சா 'நில்'னு ஒரு போர்டு எழும்பும். மறுபடி சொல்றேன், லைட் இல்ல, போர்டு! ஆனா பேட்டன்ட் வாங்கல, காசும் வரல. அம்மா மட்டும் சும்மாவா, 1917ல கரண்ட்ல ஓடுற வைப்பருக்கு பேட்டன்ட் வாங்கினாங்க, அதுலயும் காசு பாக்கல. மழையில வைப்பர் போடறப்பல்லாம் எனக்கு அந்தம்மா ஞாபகம்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைய காட்டுறாங்க, நேரமாச்சாம். சுருக்கமா சொல்லிடறேன். ஷூட்டிங்ல தீ விபத்து, ஒடம்பு போச்சு, மார்க்கெட்டும் போச்சு. கிட்டத்தட்ட 300 படம் நடிச்சவங்க, 1936ல எம்ஜிஎம்ல சின்னச் சின்ன வேஷத்துக்கு நின்னாங்க. 1938 டிசம்பர்ல தன் உயிரத் தானே முடிச்சுக்கிட்டாங்க, 52 வயசு. ஹாலிவுட்ல பொதச்ச எடத்துல கல்லு கூட இல்ல. 1991லதான் ராடி மெக்டவல்னு ஒரு நடிகர் காசு குடுத்து கல்லு வெச்சார், 'முதல் திரை நட்சத்திரம்'னு பொறிச்சு. அதுலயும் பொறந்த வருஷம் 1890ன்னு தப்பாத்தான் இருக்கு. வரேங்க, வணக்கம்.