எடைக்குப் போகும் பதக்கங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நிலையத்திலிருந்து பேசக் கூப்பிட்டபோது, ஆள் மாறிக் கூப்பிட்டு விட்டார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன். நான் வாத்தியார் இல்லை, தொல்லியல் படித்தவனும் இல்லை. பாம்பன் பக்கத்தில், மண்டபம் ஊரில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறேன். பித்தளை, செம்பு, ஈயம், உடைந்த போட் இன்ஜின், துருப்பிடித்த நங்கூரம் என்று எது வந்தாலும் தராசில் வைத்து விலை சொல்வதுதான் முப்பத்தைந்து வருஷமாக என் பிழைப்பு. கடைசிப் பத்து வருஷமாகத்தான், தராசில் வைப்பதற்கு முன்னால் பொருளைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் வந்திருக்கிறது. அது எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

போன ஐப்பசியில் நல்ல மழை நாளில் தங்கச்சிமடத்திலிருந்து வயசான அம்மா ஒருவர் கடைக்கு வந்தார். மஞ்சள் பையில் ஒரு உடைந்த குத்துவிளக்கு, இரண்டு செம்புப் பூண், அப்புறம் கறுத்துப்போன வட்டமான ஒரு வில்லை. "எல்லாஞ் சேத்து எவ்வளவு வரும் தம்பி?" என்று கேட்டார். பேரன் வலை வாங்கப் பணம் வேண்டுமாம். விளக்கையும் பூணையும் தட்டில் வைத்துவிட்டு வில்லையைக் கையில் எடுத்தேன். பழைய ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறு பக்கம் உடம்பில் துணியில்லாத ஒருவன் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறான், குதிரையின் குளம்புக்குக் கீழே கழுகு போட்ட ஒரு கேடயம், பக்கத்தில் ஒரு மண்டையோடு, 1914, 1918 என்று இரண்டு வருஷம். முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டிஷ் அரசு கொடுத்த போர்ப் பதக்கம் அது.

இந்தப் பதக்கத்தில் முகத்தைவிட முக்கியம் அதன் ஓரம். டார்ச் அடித்து, லென்ஸ் வைத்து ஓரத்தைச் சுற்றிக்கொண்டே போனால் ஒரு எண், ஒரு பேர், அப்புறம் 'லேபர் கோர்', அதாவது கூலியாட்களின் படை என்று ஆங்கிலத்தில் பொடியாக அடித்திருந்தது. பேரை எழுத்துக் கூட்டி வாசித்தேன். எவனோ ஒரு வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினதால் பேர் பாதி சிதைந்திருந்தது. இருந்தாலும் அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "அது எங்க வீட்டுக்காரரோட தாத்தா பேருல்ல!" என்றார். "அவரு கப்பல்ல போயி மண்ணு வெட்டுனாருன்னு சொல்லுவாங்க. நாங்க கொழும்புன்னுல நெனச்சிக்கிட்டிருந்தோம்."

கொழும்பு இல்லை. அந்தப் போரில் இந்தியாவிலிருந்து பிரான்ஸுக்கும், இன்றைக்கு ஈராக் என்கிற மெசபடோமியாவுக்கும் மூட்டை தூக்கவும் ரோடு போடவும் ஆயிரக்கணக்கில் ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். துப்பாக்கி பிடித்தவர்களுக்கு வெள்ளியில் பதக்கம், மண்வெட்டி பிடித்தவர்களுக்கு அதே அச்சில் வெண்கலம். வெள்ளிப் பதக்கம் 60 லட்சத்துக்கு மேல் அடித்தார்கள். வெண்கலம் சுமார் 1,10,000 தான், அதுவும் பெரும்பாலும் சீனக் கூலிகளுக்கும் மால்டா தீவுக்காரர்களுக்கும் நம் ஆட்களுக்கும். கேவலமாக நினைத்துத்தான் வெண்கலம் கொடுத்தார்கள். நூறு வருஷம் கழித்து ஏலத்தில், பொதுவாக அந்த வெண்கலத்துக்குத்தான் வெள்ளியைவிட அதிகம் கேட்கிறார்கள்.

என்னைப்போல எடைக்கு வாங்குகிறவனுக்கு இது மண்டைக்குள் ஏறவே நாளானது. உலோகத்துக்கும் ஏல விலைக்கும் சம்பந்தமே இல்லாத உதாரணங்கள் நிறைய. பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வெறும் வெண்கலம். என் தராசில் வைத்தால் டீக்காசு தேறாது. சாவாஸ் என்ற ராணுவ மருத்துவர் அதை இரண்டு தடவை வாங்கியவர், அவருடைய பதக்கம் 2009-ல் கைமாறியபோது விலை சுமார் 15 லட்சம் பவுண்டு என்று செய்தி வந்தது. டிஎன்ஏ வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன் தன் நோபல் பதக்கத்தை 2014-ல் ஏலம் விட்டார், 47 லட்சம் டாலருக்கு மேல் போனது. எடுத்த ரஷ்யப் பணக்காரர் அதை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார் என்பது தனிக் கதை. 2022-ல் ரஷ்யப் பத்திரிகையாளர் முராத்தோவின் நோபல் பதக்கம் 10 கோடி டாலரைத் தாண்டியது, ஆனால் அது உக்ரைன் அகதிக் குழந்தைகளுக்கான நன்கொடை, அதைச் சந்தை விலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்த மாதிரிக் கோடிகள் நம் வீட்டுப் பரணில் கிடக்கிற சாமானுக்கு வராது. அதை இப்போதே சொல்லி வைக்கிறேன், நாளைக்கு யாரும் சண்டைக்கு வரக் கூடாது.

ஆனால் சின்னச் சாமான்களின் விலையும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஏன் என்று கேட்டால், பாம்பன் மீன் ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எத்தனை பேர் சுற்றி நின்றாலும் விலையை ஏற்றுவது கடைசியில் முட்டிக்கொள்ளும் இரண்டு வியாபாரிகள்தான். முன்னே லண்டனில் நடந்த ஏலத்துக்கு அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் போட்டி. இன்றைக்குக் கீழக்கரையிலோ கனடாவிலோ உட்கார்ந்து போனில் கேட்கலாம். கொரோனா வந்து வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தவர்கள் நிறையப் பேர், அதில் பாதிப் பேர் திரும்பிப் போகவில்லை. அப்புறம், தாத்தா பாட்டியின் தடத்தைத் தேடுகிற பேரன் பேத்திகள். ஒரு பேருக்கு ஒரே ஒரு பதக்கம்தான் இருக்கும், அதை இரண்டு பேரன்கள் தேடினால் போதாதா? மீனுக்கு மட்டும் மதியம் ஆனால் விலை இறங்கும், இதற்கு அந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு காரணம் இருக்கிறது. அதில் என் தொழிலுக்கும் பங்கு உண்டு. 1980 ஜனவரியில் அமெரிக்காவில் ஹன்ட் என்ற சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததில் விலை அவுன்ஸுக்குக் கிட்டத்தட்ட 50 டாலர் வரை போனது. அந்த வெள்ளிப் போர்ப் பதக்கம் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரு அவுன்ஸ் வெள்ளி. அவ்வளவுதான், அலமாரியில் கிடந்ததெல்லாம் உருக்கு உலைக்குப் போனது. அதோடு ஜோடியாகக் கொடுத்த வெண்கல வெற்றிப் பதக்கத்தை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் ஜோடி பிரிந்து தனியாகத் திரிகிற பதக்கங்கள் இன்றும் ஏலத்தில் அவ்வளவு வருகின்றன. 2025 அக்டோபரில் வெள்ளி அந்த 50 டாலரைத் தாண்டியது. தாண்டின மாதமே என் கடைக்கும் பக்கத்து நகைக்கடைகளுக்கும் வந்த பழைய வெள்ளியைப் பார்க்க வேண்டுமே! கொலுசு, அரைஞாண், பன்னீர்ச் செம்பு, அதற்கு நடுவில் பதக்கம். உருக்குகிற கையில் லென்ஸ் இருக்காது. விலை ஏற ஏற உருக்குகிறோம், உருக்க உருக்க மிச்சம் இருப்பதன் விலை ஏறுகிறது.

நானும் உருக்கியவன்தான். 1990-களின் கடைசி என்று நினைக்கிறேன், மண்டபம் முகாம் பக்கத்து வீடு ஒன்றை இடித்தபோது ஒரு சாக்கு நிறையத் தகரம் வந்தது. கீல், தாழ்ப்பாள், டப்பா மூடி, அதற்கு நடுவே மேல் பக்கம் ஓட்டை போட்ட வட்டத் தகடுகள் ஒரு நூறு இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு ஆங்கில எழுத்து, சில எண்கள். ஏதோ மூட்டைக்குக் கட்டுகிற அடையாளம் என்று நினைத்து, மொத்தமாகப் பழைய தகர விலைக்குத் தள்ளிவிட்டேன். பல வருஷம் கழித்து, ஒரு ஏலப் பட்டியலில் அதே மாதிரித் தகட்டின் படத்தைப் பார்த்தபோதுதான் அது மூட்டைக்குக் கட்டியதில்லை, மனுஷனுக்குக் கட்டியது என்று தெரிந்தது.

நம் கரைக்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். இலங்கையில் காப்பித் தோட்டம் வந்த காலத்தில் சனங்கள் தொண்டி, பாம்பன், ராமேஸ்வரம் என்று நடந்து வந்து, தோணி ஏறி மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மலைக்கு நடந்தார்கள். காப்பியை 1869-ல் வந்த இலைநோய் அழித்தது, தேயிலை வந்தது. 1914-ல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் வந்த பிறகு எல்லாரும் மண்டபம் முகாம் வழியாகத்தான் போக வேண்டும். சில நாள் வைத்து நோய் பார்த்து அனுப்புவார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே, ஆள் எந்தத் தோட்டத்துக்குப் போகிறார், வழிச்செலவை யார் கணக்கில் எழுதுவது என்று தெரிய ஆளுக்கு ஒரு தகர வில்லையைக் கயிற்றில் கோத்து மாட்டிவிட்டார்கள். வில்லையில் பேர் கிடையாது, எழுத்தும் எண்ணும் மட்டும். அதற்கும் முந்தின காப்பிக் காலத்தில் தோட்டங்களும் கொழும்பு ஆலைகளும் சம்பளக் கணக்குக்குப் பித்தளையிலும் செம்பிலும் தாங்களே டோக்கன் அடித்தன. இலங்கைத் தோட்ட டோக்கன் என்று இப்போது அதற்குத் தனிச் சேகரிப்பாளர் கூட்டமே இருக்கிறது. செம்பு டோக்கனுக்கு அச்சும் அழகும் உண்டு. தகர வில்லைக்கு எதுவும் இல்லை, எனக்கு அதுதான் மறக்க மாட்டேன் என்கிறது.

எதிரியின் சாமானைப் பதக்கமாக்கிய கதையும் ஒன்று உண்டு. "அவன் பெரிய எம்டன்" என்று சொல்கிறோமே, 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸில் குண்டு போட்ட அந்த ஜெர்மன் கப்பலை நவம்பர் 9-ம் தேதி ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி, கோகோஸ் தீவுப் பக்கம் மடக்கியது. எம்டனுக்குள் இருந்த மெக்சிகோ வெள்ளி டாலர்களை எடுத்து, அதில் 1,000 காசுகளின் தலையில் கிரீடம் வைத்துப் பதக்கமாக்கினார்கள். அதற்கு இன்றைக்கும் போட்டிதான். திப்பு சுல்தான் விழுந்த 1799 ஸ்ரீரங்கப்பட்டணப் போருக்குக் கம்பெனி கொடுத்த பதக்கத்தில் சிங்கம் புலியை மல்லாத்தி வைத்திருக்கும். பெரிய அதிகாரிக்குத் தங்கம், அப்புறம் வெள்ளி, வெண்கலம், கடைசியில் சிப்பாய்க்கு ஈயம் மாதிரி ஒரு வெள்ளீயம். அது மெத்தென்று இருப்பதால் நல்ல நிலையில் தப்பித்தது கொஞ்சம்தான்.

சரி, போலிக்கு வருவோம். வாரத்துக்கு ஒருவராவது ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ போட்ட செம்புக் காசை எடுத்துக்கொண்டு வருகிறார். பின்னால் கிழக்கிந்தியக் கம்பெனி, 1818 என்று இருக்கும். கோடி ரூபாய் பெறும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததாம். சென்னைத் தங்கசாலையில் கம்பெனி சாமி உருவம் போட்ட தங்க வராகன் அடித்தது உண்மை, மூன்று சாமி வராகன் என்றே பேர். ஆனால் இந்த 1818 செம்புக் காசு கம்பெனி அடித்த காசே இல்லை, பின்னாளில் யாரோ பூஜைக்கும் விற்பனைக்கும் அடித்தது. அரிசியை இழுக்கிற செம்பு, இரிடியக் கலசம் எல்லாம் அதே சாதி. பழைய காசை வாங்கிக்கொள்கிறோம், முதலில் வரி கட்டுங்கள், கமிஷன் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கி பேரைச் சொல்லி எவனாவது கேட்டால் போனை வைத்துவிடுங்கள். அப்படி யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிவித்திருக்கிறது. தனுஷ்கோடி ஸ்டேஷன் போர்ட்டர் வில்லை என்று பளபளவென்று ஒன்றைக் கொண்டு வந்தார் ஒருவர். புயலில் அறுபது வருஷம் உப்பில் கிடந்ததாம். எழுத்தின் உள்பக்கம் கூடப் பாலிஷ் போகவில்லை!

அசலே கையில் இருந்தாலும் லண்டனுக்குப் பார்சல் போட முடியாது. நூறு வருஷம் தாண்டிய காசு, வரலாற்றுப் பொருள் எதையும் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் விடாது. முதல் உலகப் போர்ப் பதக்கங்கள் இப்போது ஒன்றொன்றாய் அந்த நூறைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. அதனால் லண்டன் விலையைப் பார்த்து மனக்கணக்குப் போடாதீர்கள். மும்பை, பெங்களூரில் ஏல நிறுவனங்கள் இருக்கின்றன, அங்கே விற்கும் விலைதான் நம் விலை, அதிலும் தரகு போகும். அழகன்குளம் பக்கம் மண்ணில் ரோமானியக் காசு கிடைத்த ஊர் நம்முடையது, அங்கே தோண்டும்போது புதையல் மாதிரி எதுவும் தட்டுப்பட்டால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். அது 1878-ம் வருஷத்துச் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே சொல்லியாக வேண்டும்.

தயவுசெய்து புளி போட்டுத் துலக்காதீர்கள். நான் துலக்கினேன். எனக்கு முதன்முதலில் வாய்த்த பதக்கத்தை எலுமிச்சையும் சாம்பலும் வைத்து விளக்குக் கணக்காகப் பளிச்சென்று ஆக்கி, நைந்துபோன ரிப்பனைக் கழற்றிக் குப்பையில் போட்டு, ஒரு சேகரிப்பாளரிடம் பெருமையாக நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் என் கையிலேயே திருப்பி வைத்தார்.

தங்கச்சிமடத்து அம்மாவிடம் விளக்குக்கும் பூணுக்கும் மட்டும் காசு கொடுத்தேன். ஓரத்தில் இருந்ததை ஒரு தாளில் அப்படியே எழுதி, பதக்கத்தோடு பையில் போட்டுக் கொடுத்தேன். வலைக்குப் பணம் போதவில்லைதான். விற்கத்தான் வேண்டுமென்றால் ஏலத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். இன்னும் திரும்பி வரவில்லை.

அந்தச் சாக்குத் தகரத்தில் ஒரே ஒரு வில்லை என்னிடம் தப்பித்தது. கடையை மாற்றும்போது பழைய தராசுக்கு அடியில் சிக்கியிருந்தது. எண் நன்றாகத் தெரிகிறது, எழுத்து மட்டும் துருவில் 'சி'யா 'ஜி'யா என்று பிடிபடவில்லை. உங்கள் வீட்டில் சாவிக் கொத்திலோ, தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ அப்படி ஓட்டை போட்ட தகடு ஏதாவது இருந்தால் நிலையத்தில் சொல்லி வையுங்கள், நான் வந்து பார்க்கிறேன். இல்லையென்றால் நீங்களே கடைக்கு எடுத்து வாருங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எழுத்து தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் வேண்டாம், லோடு ஏற்றுகிற நேரம்.