பரிசு வாட்சைப் பார்க்கும் முன் விதிகளைப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. ஆண்டு முடியப் போகிறது என்றாலே வாட்ச் பைத்தியங்களான நமக்குள் ஒரே பேச்சுதான்: எந்த பிராண்டு என்ன கிவ்அவே, அதாவது இலவசப் பரிசுக் குலுக்கல், போடுகிறது? தினம் ஒரு பரிசு என்று ஒரு பக்கம், மூன்று நண்பர்களை டேக் செய்யுங்கள் என்று இன்னொரு பக்கம். எல்லாரும் பரிசுப் படத்தையே பார்க்கிறோம். நான் முதலில் பார்ப்பது அடியில் பொடி எழுத்தில் இருக்கும் விதிகளை.

அதில் "எதையும் வாங்கத் தேவையில்லை" என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். பிராண்டின் தாராள மனசு என்று நினைக்காதீர்கள். பரிசு, குலுக்கல், பணம் மூன்றும் சேர்ந்தால் பல நாடுகளில் அது லாட்டரி. தனியார் நிறுவனம் தன் இஷ்டத்துக்கு லாட்டரி நடத்த முடியாது. அதனால் பணத்தை மட்டும் கழற்றிவிடுகிறார்கள். பதிலுக்கு நம் இமெயிலும் நம் நண்பர்களின் கவனமும் அவர்களுக்குக் கிடைக்கிறது. எனக்கு அதில் வருத்தம் இல்லை, தெரிந்தே கொடுக்கிறேன்.

இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் ஏமாற்றுப் பேர்வழிகளையும் பிடித்துவிடலாம். முடிவு அறிவிக்கும் நேரம் பார்த்து அதே லோகோவோடு ஒரு கணக்கு முளைக்கும். பெயரில் ஒரு புள்ளியோ அடிக்கோடோ மட்டும் கூடுதலாக இருக்கும். "வாழ்த்துகள், வென்றுவிட்டீர்கள், அனுப்பும் செலவுக்கு மட்டும் கார்டு விவரம் கொடுங்கள்" என்று லிங்க் வரும். அங்கேயே நிறுத்துங்கள். பிராண்டின் சொந்த வெப்சைட்டில் எந்தக் கணக்குக்கு இணைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள், பொய் வெளுத்துவிடும். வெளிநாட்டிலிருந்து வரும் பரிசுக்குச் சுங்க வரி வரலாம், உண்மைதான். ஆனால் அதைக் கேட்பது சுங்கத்துறையோ கூரியரோதான். இன்பாக்ஸில் வரும் முகம் தெரியாத ஆள் கேட்க மாட்டார்.

சரி, இப்போது வாட்சுக்கு வருவோம். பரிசாக வருவதில் 46 மில்லிமீட்டர் கேஸ், அதாவது அவ்வளவு அகலமான வாட்ச் உடல், ஏன் இவ்வளவு அதிகம்? விற்காமல் தேங்கியதைத்தான் கொடுக்கிறார்கள் என்பது என் சந்தேகம். ஸ்ட்ராப் மாட்டுவதற்காகக் கேஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புகள்தான் லக். கேஸின் விட்டத்தைவிட முக்கியம், மேல் லக் நுனியிலிருந்து கீழ் லக் நுனி வரை உள்ள நீளம். இதோ, ஸ்கேலை மணிக்கட்டின் தட்டையான பகுதிக்குக் குறுக்கே வைக்கிறேன். 52 மில்லி. லக் நீளம் இதைத் தாண்டினால் ஸ்ட்ராப் இரண்டு பக்கமும் மணிக்கட்டை விட்டு வெளியே தொங்கும். கலர் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் கட்ட மாட்டேன்.

அடுத்து, "ஆட்டோமேட்டிக்", அதாவது கை அசைவிலேயே சாவி ஏறும் வாட்ச், என்று மட்டும் போட்டுவிட்டு உள்ளே ஓடும் இயந்திரமான மூவ்மென்ட்டின் பெயரைச் சொல்லாமல் விடுவது. கேமரா கிட்டே கொண்டுவருகிறேன், பாருங்கள். இது செய்கோ எஸ்கேஎக்ஸ்007, உள்ளே 7எஸ்26 மூவ்மென்ட். நேரம் வைக்கும் திருகுதான் கிரவுன்; நான்கு மணிப் பக்கம் இருக்கும் அதைத் திருகித் தளர்த்தி, முழுவதும் இழுக்கிறேன். விநாடி முள் நிற்கவே இல்லை, தன்பாட்டுக்கு ஓடுகிறது. கிரவுனைச் சுற்றி சாவி கொடுக்கவும் முடியாது. அடுத்தது என்எச்35 மூவ்மென்ட் போட்ட வாட்ச். இழுத்தவுடன் முள் நின்றுவிட்டது, சாவியும் கொடுக்கலாம். முழுச் சாவியில் சுமார் 41 மணி நேரம் ஓடும். இரண்டுமே ஆட்டோமேட்டிக்தான், ஆனால் விநாடி சுத்தமாக நேரம் வைக்கிற ஆளுக்கு இந்த வித்தியாசம் பெரிது. பரிசறிவிப்பில் பெயர் இல்லையென்றால் பிராண்டிடமே கேளுங்கள்.

குவார்ட்ஸ், அதாவது படிகத்தின் அதிர்வை வைத்து நேரம் காட்டும் பேட்டரி வாட்ச், என்றால் சிலர் முகத்தைச் சுளிக்கிறீர்கள். செய்கோ தன் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் ஆஸ்ட்ரானை வெளியிட்ட தேதி தெரியுமா? 1969 டிசம்பர் 25. அன்று அது எட்டாத விலைப் பொருள். இன்று விநாடிக்கு 32,768 முறை அதிரும் படிகம் மிக மலிவாகக் கிடைப்பதால்தான் பிராண்டுகளால் டஜன் கணக்கில் வாட்சைச் சும்மா கொடுக்க முடிகிறது. அப்புறம் என்ன முகச்சுளிப்பு?

என்னைக் கேட்டால் முதல் பரிசைவிட மூன்றாம் பரிசுதான் மேல். 20 மில்லி ரப்பர் ஸ்ட்ராப் ஒன்று கிடைத்தால், லக் இடைவெளி 20 இருக்கிற எந்த வாட்சிலும் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளலாம்.

கடைசியாக, ஒவ்வொரு வருடமும் சண்டை வருகிற விஷயம்: வென்ற வாட்சை விற்கலாமா? பிராண்டுக்குச் செய்யும் துரோகம் என்று ஒரு கட்சி. எனக்கு அது புரியவில்லை. விதிகளில் தடை இல்லையென்றால் விற்கலாம். பெட்டிக்குள் கிடப்பதற்குப் பொருந்துகிற கைக்குப் போகட்டுமே. வாரண்டி கைமாறுமா என்பதை மட்டும் கேட்டு, வாங்குகிறவரிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். எனக்கு 46 மில்லி வந்தால் அன்றைக்கே விற்பனைக்கு வைப்பேன். 38 வந்தால், மன்னிக்கவும், யாரும் கேட்காதீர்கள்.